தூங்கப் போன படம்

"இந்தப் படம் எப்பத் தூங்கும்?"

ஒரு விருந்தின் நடுவே ஆறு வயதுக் குழந்தை ஒன்று இப்படிக் கேட்டது. விஸ்கிக் கோப்பையோடு நின்றிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அந்த ஒருவர் யாரென்று அன்றைக்கே யாராவது கவனித்திருந்தால், துப்பறியும் அன்செல்மோ உர்பினாவுக்கு இந்த வழக்கில் வேலையே இருந்திருக்காது. ஆனால் காரக்காஸில் விருந்துக்குப் போகிறவர்கள் சிரிக்கிறவர்களைத்தான் கவனிப்பார்கள்.

குழந்தையின் கேள்வி எதுவும் தெரியாமல், வியாழக்கிழமை காலை, அன்செல்மோ அதே படத்தின் முன் நின்றுகொண்டிருந்தார். கண்ணாடி போட்ட சட்டத்துக்குள் ஆளுயரக் காகிதம். மேலிருந்து கீழாக வளைந்து வளைந்து இறங்கும் கறுப்பு வெள்ளைக் கோடுகள், நடுவில் நெருங்கியும் ஓரங்களில் விலகியும். பட்டுத்துணிச் சல்லடை வழியாக மை இறக்கி அச்சிட்ட ஐம்பது பிரதிகளில் ஒன்று. கீழே பென்சிலில் தியொதோரோ இஸ்தூரிஸ் என்ற கையெழுத்து.

"என்ன தெரியுது, டாக்டர்?" என்றார் வீட்டுக்காரர் தோன் ரிகொபெர்த்தோ. அன்செல்மோ எந்தக் காலத்திலும் டாக்டர் இல்லை. அந்த ஊரில் டை கட்டினால் டாக்டர்.

"கோடு தெரியுது."

"அதான் வில்லங்கம். கோடு தெரியக் கூடாது. கடல் தெரியணும். முன்னாடி வந்து நின்னா தரை நழுவணும், வயித்தைக் கலக்கணும். அதுக்குத்தான் அவ்வளவு கொட்டிக் குடுத்து வாங்கினேன்."

"வயித்தைக் கலக்குறதுக்கா?" என்றாள் அன்செல்மோவின் உதவியாளர் நெரெய்தா. "எங்க தெருமுனை எம்பனாதா கடையில அதைச் சல்லிசா முடிச்சிருக்கலாமே."

அன்செல்மோ அவள் காலை மெல்ல மிதித்தார். அது அவர்களுக்குள் இருந்த ஒப்பந்தம். அவள் பேசுவாள், அவர் மிதிப்பார்.

தோன் ரிகொபெர்த்தோ குளியல் தொட்டி இறக்குமதி செய்து பணக்காரர் ஆனவர். நாடு விற்ற பெட்ரோலின் விலை ஏறி ஊரே பணத்தில் மிதந்த காலம் அது. வெள்ளிக்கிழமை மியாமிக்குப் பறந்து, "மலிவா இருக்கு, ரெண்டு குடு" என்று எதையும் ஜோடியாக வாங்கி, திங்கட்கிழமை திரும்பியவர்கள் எல்லாருக்கும் வீட்டில் தொட்டி வேண்டியிருந்தது. தொட்டிக்கு அடுத்தபடியாகச் சுவரில் ஆடுகிற படம் வேண்டியிருந்தது. அசையாத படம் வைத்திருந்தவர்களை அவர்கள் ஊமைப் பிள்ளை பெற்றவர்களைப் போலப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

இந்த மாதிரிப் படத்தை நின்று பார்த்தால் போதாது, நடந்து பார்க்க வேண்டும் என்று ஒரு நியமம். அதனால் தோன் ரிகொபெர்த்தோ வீட்டு விருந்துகளில் வங்கித் தலைவர்களும் அவர்கள் மனைவியரும் நடைக்கூடத்தில் பக்கவாட்டில் நண்டு போல நகர்ந்து, "அப்பப்பா, எப்படி ஆடுது" என்று நெற்றியைப் பிடித்துக்கொள்வார்கள். தோன் ரிகொபெர்த்தோ படத்தைப் பார்ப்பதில்லை. படத்தைப் பார்ப்பவர்களைப் பார்ப்பார்.

போன வாரம் தற்செயலாக, போட்டிக்காரர் ஒருவர் வீட்டில் இதே அச்சின் இன்னொரு பிரதியைப் பார்த்தார். தலை சுற்றி, பழச்சாறுப் பாத்திரத்தில் விழப்போனார். வீட்டுக்கு ஓடி வந்து முதன்முறையாகத் தன் படத்தைக் கண் திறந்து பார்த்தார். அது புதுச் சுவர்போல அசையாமல் இருந்தது.

"மாத்திட்டாங்க டாக்டர். அசலை எடுத்துட்டு நகலை மாட்டிட்டாங்க. கார்னிவல் பண்டிகைக்கு நாங்க மியாமி போயிருந்தப்ப எங்க வீட்டு வேலைக்காரம்மா உபால்தினா ஒரு பெரிய சாமானைப் படுக்கை விரிப்பால மூடி வெளியே அனுப்பியிருக்கா. வாசல் காவல்காரன் பார்த்திருக்கான். கேட்டா, 'போனது உண்மை, திரும்பி வந்ததும் உண்மை'ங்கிறா. ஏன்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கிறா. சாவியெல்லாம் வாங்கி வச்சுட்டேன். நாளைக்கு மதியத்துக்குள்ள நீங்க அசலைக் கண்டுபிடிக்கலைன்னா போலீஸ்தான்."

"கார்னிவல் முடிஞ்சு நாலஞ்சு மாசம் ஆகுதே. அதுக்கப்புறம் வந்த விருந்தாளிங்க யாரும் சொல்லலையா?"

"எல்லாரும் ஆடுதுன்னுதான் சொன்னாங்க." இதைச் சொல்லும்போது தோன் ரிகொபெர்த்தோவின் குரல் சற்றே இறங்கியது.

மூலையில் நாற்காலியில் சாய்ந்திருந்த கலை விமரிசகர் வென்செஸ்லாவோ தொண்டையைச் செருமினார். "நான் ஆரம்பத்திலேயே சந்தேகப்பட்டேன். இது உயிரில்லாத கை செய்த நகல். வெறும் அச்சு."

"அசலும் அச்சுதானே, டாக்டர்?" என்றாள் நெரெய்தா.

"அது வேறே அச்சு."

"சட்டத்தைக் கழற்றிப் பார்த்தீங்களா?" என்றார் அன்செல்மோ.

"நான் பொருளைத் தொடுவதில்லை. அதன் அதிர்வைத் தொடுகிறேன்."

அன்செல்மோ பொருளைத் தொடுகிறவர். படத்தைச் சுவரிலிருந்து ஒரு முழம் விலக்கி முதுகைப் பார்த்தார். தொங்கவிடும் கம்பி பழுப்பேறியிருந்தது. சட்டத்தின் ஓரத்தை மூடிய காகித நாடா மட்டும் புதுசு. அதன் மேல் லா பஸ்தோரா பகுதியில் படங்களுக்குச் சட்டம் போடும் ஒரு கடையின் வில்லை, முகவரியோடு ஒட்டியிருந்தது.

"திருடன் முகவரி வேற குடுத்துட்டுப் போயிருக்கான்" என்று நெரெய்தா காதோடு சொன்னாள். "ரொம்ப மரியாதைப்பட்ட குடும்பம் போல."

அப்போது எதிர் அறையின் கதவு திறந்து ஒரு சிறுமி வெளியே பாய்ந்தாள். காலுறையோடு பளிங்குத் தரையில் சறுக்கி, படத்தைக் கடந்து, நடைக்கூடத்தின் கோடியில் மறைந்தாள். தோன் ரிகொபெர்த்தோவின் மகள் வயிற்றுப் பேத்தி கொராலியா. அவளுடைய அம்மா காரக்காஸுக்கும் மியாமிக்கும் நடுவே ஆகாயத்தில் குடியிருந்தாள். குழந்தையை வளர்த்தது உபால்தினா.

அன்செல்மோவின் பார்வை குழந்தை போன வழியே போய், எதிர்ச்சுவரில் நின்றது. இடுப்புக்குக் கீழே, கதவிலிருந்து கோடிவரை, வெள்ளைச் சுவரில் ஒரு பட்டை மட்டும் மழுங்கியிருந்தது. யாரோ அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பத் துடைத்திருக்கிறார்கள்.

"குழந்தை எப்பவும் இப்படித்தான் ஓடுமா, தோன் ரிகொபெர்த்தோ?"

தாத்தா யோசித்தார். "குழந்தைன்னா ஓடும்தானே" என்றார். அவருக்குத் தெரியவில்லை என்பது தெரிந்தது.

* * *

சமையலறையில் உபால்தினா அரேப்பா என்ற சோள ரொட்டியைக் கல்லில் திருப்பிக்கொண்டிருந்தாள். இடுப்பில் சாவிக்கொத்து தொங்கிய இடத்தில் வெறும் கொக்கி இருந்தது. கேட்காமலே இரண்டு கோப்பை காப்பி வைத்தாள்.

"என்னைப் பிடிச்சுக் குடுக்க வந்தவங்கதானே? காப்பி ஆறிடும், முதல்ல குடிங்க."

"சுவரை நீங்கதான் துடைப்பீங்களா, தோன்யா உபால்தினா?"

அரேப்பாவைத் திருப்பிய கை நின்றது.

"குழந்தை கண்ணை மூடிக்கிட்டு, சுவரைத் தடவிக்கிட்டே அந்த இடத்தைத் தாண்டியிருக்கு. விரல் அழுக்கு விழும், நீங்க துடைப்பீங்க. இப்ப கண்ணைத் திறந்துக்கிட்டு ஓடுது. எப்பத்திலிருந்து? கார்னிவலுக்கு அப்புறமா?"

உபால்தினா தீயைக் குறைத்தாள். பிறகு அடுப்பைப் பார்த்தபடி சொன்னாள். "தலைவலி வரும் ஐயா, பாவம். வாந்தி எடுக்கும். கதவைத் திறந்தா எதிர்ல அதுதான். ஐயாகிட்டச் சொன்னேன். 'இந்தச் சுவரையே அந்தப் படத்துக்காகத்தான் கட்டினேன்'னாரு. ஒரு நாள் விருந்துல குழந்தை எல்லார் முன்னாலயும், இந்தப் படம் எப்பத் தூங்கும்னு கேட்டுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க."

"எல்லாருமா?"

"ஒருத்தர் சிரிக்கல."

"யாரு?"

"அதைச் சொல்ல மாட்டேன். வாக்குக் குடுத்திருக்கேன்."

"சொல்லாட்டி நாளைக்கு உங்களுக்கு ஜெயில்."

"சொன்னா நாளைக்கே குழந்தைக்குத் தலைவலி." அவள் அரேப்பாவைத் தட்டில் போட்டு, நடுவே கீறி, வெண்ணெய் தடவி நெரெய்தா முன்னால் நகர்த்தினாள். "நீ சாப்பிடும்மா. எலும்பும் தோலுமா இருக்கே."

"முதல் தடவையா ஒரு குற்றவாளி என்னைப் பார்த்துக் கவலைப்படுறாங்க" என்று சொன்ன நெரெய்தாவின் குரலில் கேலி பாதியில் தொலைந்துபோனது.

கிளம்பும்போது ஆவிலா மலையிலிருந்து மழை இறங்கி வந்தது. அன்செல்மோ இருமினார். உபால்தினா பின்வாசல் ஆணியில் தொங்கிய கறுப்புக் குடையை எடுத்து அவர் கையில் திணித்தாள்.

"பிடிங்க ஐயா. நெஞ்சுச் சளி வச்சுக்கிட்டு நனையாதீங்க. ஒரு கம்பி ஒடஞ்சிருக்கும், அந்தப் பக்கம் அந்தப் பொண்ணை நிறுத்திக்குங்க."

"உங்களைப் பிடிக்க வந்தவனுக்குக் குடையா?"

"மழைக்கு அதெல்லாம் தெரியுமா?"

* * *

பங்கு டாக்ஸியில் ஐந்து பேரோடு நசுங்கிக்கொண்டு போனார்கள். நெரெய்தாவின் இடது தோள் மட்டும் தெப்பமாக நனைந்திருந்தது.

"தலைவரே, எனக்கு ஒரு சந்தேகம். படம் மாறினதுதான் குற்றம்னா, நாலஞ்சு மாசம் மாறினது தெரியாம தலைசுத்தலாவே நடிச்சாங்களே, அதுக்கு எந்தச் சட்டத்துல தண்டனை?"

சிவப்பு விளக்கில் வண்டி நின்றது. எதிரே தெருவைக் கடக்கும் இடத்தில், நகரம் முழுக்கப் பரவிய மோகத்தில், நேர்க்கோடுகளுக்குப் பதிலாகக் கோணல் கோணலாகக் கறுப்பு வெள்ளை பூசியிருந்தார்கள். வெயிலில் அதைத் தாண்டும்போது கால் தடுமாறும். இப்போது அது சாதுவாகப் படுத்துக் கிடந்தது.

அன்செல்மோ ஜன்னல் கண்ணாடியைக் கீழே இறக்கினார். தெரு துள்ளியது. மழையும் உள்ளே வந்தது. பின்சீட்டுக்காரர் ஒருவர் அவருடைய அம்மாவை இழுத்துத் திட்டினார். கண்ணாடியை ஏற்றினார். ஐந்து பேரின் மூச்சில் வெளுத்திருந்த அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் தெரு மறுபடி தூங்கியது.

"நெரெய்தா, அந்தப் படத்துல உன் முகம் தெரிஞ்சுதா?"

"தெரியல. தெரிஞ்சிருந்தா தலையைச் சீவியிருப்பேனே."

"படத்து மேல இவ்வளவு பெரிய கண்ணாடி, நடைக்கூடம் பூரா வெளிச்சம். முகம் ஏன் தெரியல?"

அவள் அவரையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"படத்தை யாரும் மாத்தல" என்றார் அன்செல்மோ. "கண்ணாடியை மாத்தியிருக்காங்க."

* * *

லா பஸ்தோராவின் செங்குத்தான தெருவில் அந்தச் சட்டக் கடை இருந்தது. கடைக்காரர் ஃபுல்ஹென்சியோ, கொரோமோட்டோ மாதாவின் படத்துக்குக் கீழே உட்கார்ந்து மரத்துக்கு வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்தார். அன்செல்மோ சுற்றி வளைக்கவில்லை.

"சொரசொரப்பு ஏத்தின கண்ணாடி. அதைக் காகிதத்தோட ஒட்டி வைக்காம, ஒரு விரல் தள்ளி வச்சிருக்கீங்க. கோட்டோட விளிம்பெல்லாம் மழுங்கிடும். மழுங்கினா ஆடாது. சரியா?"

ஃபுல்ஹென்சியோ தூரிகையை வைத்தார். "நான் மாட்டேன்னுதான் சொன்னேன், ஐயா. இது அந்தப் படத்தைக் கொல்ற வேலை, வரைஞ்சவர் பார்த்தா என் கழுத்தை நெரிப்பார்னு சொன்னேன். கொண்டு வந்த ஆள் கேக்கல."

"யாரு கொண்டு வந்தது?"

கடையின் பின்னாலிருந்து பதில் வந்தது. "வரைஞ்சவன்."

மர மேசையில் அளவுகோலுக்குப் பக்கத்தில் கறுப்பு மொச்சை நிறைத்த அரேப்பாவைத் தின்றுகொண்டிருந்த முதியவர் எழுந்தார். காசு நோட்டைத் தவிர எல்லா இடத்திலும் ஊர் பார்த்திருந்த முகம். தியொதோரோ இஸ்தூரிஸ்.

நெரெய்தா தன்னையறியாமல் இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்தாள்.

"வேண்டாம் பொண்ணே, நான் ஆட மாட்டேன்" என்றார் அவர்.

"நீங்கதான் அந்த விருந்துல சிரிக்காதவரா?" என்றார் அன்செல்மோ.

"எப்படிச் சிரிக்கிறது? வாழ்நாள் பூரா கோட்டை ஆட வைக்கப் பாடுபட்டேன். பார்த்தவனெல்லாம் அற்புதம், புரட்சின்னான். அது எப்ப நிக்கும்னு ஒருத்தனும் கேக்கல. அந்தக் குழந்தை ஒரு கையால கண்ணைப் பொத்திக்கிட்டுக் கேக்குது. என்கிட்டப் பதில் இல்லை. படத்தை வேற சுவருக்கு மாத்துங்கன்னு ரிகொபெர்த்தோகிட்டக் கேட்டேன். முதுகுல தட்டிட்டு விஸ்கி ஊத்தினான். அப்புறம்தான் அந்த அம்மாகிட்டப் பேசினேன்."

"வீட்டுக்காரருக்குத் தெரியாம அவர் பொருளைத் தொட்டது சரியா, மாயெஸ்த்ரோ?"

ஓவியர் தலை குனிந்தார். "சரியில்லை. ஆனா அவன்கிட்ட உண்மையைச் சொன்னா மறு நிமிஷம் பழைய கண்ணாடி ஏறிடும்."

"நீங்க சொல்லாததால உபால்தினா மேல திருட்டுப் பழி விழுந்திருக்கு. நாளை மதியம் போலீஸ். அவங்க உங்க பேரைச் சொல்லல."

இஸ்தூரிஸ் கையிலிருந்த அரேப்பாவைத் தட்டில் வைத்தார். உபால்தினா மேல் பழி விழுந்தது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்த ஃபுல்ஹென்சியோ எழுந்து போய், ஆணியில் தொங்கிய அவருடைய கோட்டை எடுத்து வந்தார்.

"பொய் சொல்லித் தப்பிக்க வேண்டாம்" என்றார் அன்செல்மோ. "உண்மையையே சொல்லுவோம். ஆனா அவருக்குப் பிடிச்ச பக்கத்திலிருந்து ஆரம்பிச்சுச் சொல்லுவோம்."

* * *

வெள்ளிக்கிழமை மதியத்துக்கு முன்னால் நடைக்கூடத்தில் எல்லாரும் இருந்தார்கள். தோன் ரிகொபெர்த்தோ தொலைபேசிக்குப் பக்கத்தில். விமரிசகர் அதிர்வுக்குப் பக்கத்தில். உபால்தினா சமையலறை வாசலில், துணிப்பையைக் கட்டி வைத்துக்கொண்டு. அவள் பாவாடையைப் பிடித்தபடி கொராலியா.

இஸ்தூரிஸ் படத்தின் முன் நின்று நிதானமாகப் பார்த்தார்.

"நகல்தானே, மாயெஸ்த்ரோ?" என்றார் விமரிசகர். "உயிரில்லாத கை."

"என் கை" என்றார் இஸ்தூரிஸ். "காகிதம் என்னது, மை என்னது, கையெழுத்து என்னது. மேல இருக்கிற கண்ணாடியும் நான் போட்டதுதான். கார்னிவல் சமயத்துல இதை வரவழைச்சவன் நான். இந்த அம்மா என் பேச்சுக்குக் கட்டுப்பட்டுத்தான் அனுப்பினாங்க. உன்னைக் கேக்காம செஞ்சது என் தப்பு, ரிகொபெர்த்தோ. மன்னிச்சுக்க."

தோன் ரிகொபெர்த்தோவின் முகம் சிவந்தது. "என் படத்தை நிறுத்திட்டீங்களா? எதுக்கு?"

"ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்துது." ஓவியர் குழந்தையைப் பார்த்தார். "ஆடுற பிரதி ஐம்பதுல மீதி நாப்பத்தொம்போதும் ஆடிக்கிட்டு இருக்கு. தூங்குறது இது ஒண்ணுதான்."

தோன் ரிகொபெர்த்தோவின் கை தொலைபேசியிலிருந்து மெல்ல நழுவியது.

"ஒண்ணுதானா? காரக்காஸ்லயா?"

"உலகத்துலயே."

"அந்தப் பழச்சாறுக்காரன் வீட்டுல இருக்கிறது?"

"ஆடும். பாவம்."

"அவன் கேட்டா அவனுக்கும் இப்படிப் போட்டுக் குடுப்பீங்களா?"

"மாட்டேன். ஆனா கண்ணாடியைக் கழற்றினா இதுவும் மத்ததுல ஒண்ணாயிடும்."

"கழற்றுறதா? யார் கழற்றப் போறா?" தோன் ரிகொபெர்த்தோ படத்துக்கும் மற்றவர்களுக்கும் நடுவே போய் நின்றுகொண்டார். பிறகு பழக்கதோஷத்தில், "இது மாதிரி ரெண்டு கிடைக்குமா?" என்றார்.

விமரிசகர் அதற்குள் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்திருந்தார். "நான் சொன்னது இதைத்தான். உயிரின் ஓய்வு. அதிர்வுக்கு அப்பால் உள்ள மௌனம்."

"நேத்து உயிரில்லாத கைன்னீங்க" என்றாள் நெரெய்தா.

"அது வேறே உயிர்."

அன்செல்மோ தோன் ரிகொபெர்த்தோவைத் தனியே அழைத்தார். "உங்க பேத்தி இந்த இடத்தைக் கண்ணை மூடிக்கிட்டுத்தான் தாண்டும். தலைவலி, வாந்தி. உபால்தினா உங்ககிட்ட முன்னாலயே சொன்னாங்களாம். இப்ப ஓடுது. அதையும் ஒரு தடவை பாருங்க, படம் எங்கயும் போகாது."

தோன் ரிகொபெர்த்தோ திரும்பிப் பார்த்தார். பார்க்கிறவர்களைப் பார்த்தே பழகிய கண்கள் அவருக்கு. அந்தக் கண்கள் இப்போது குழந்தையின் மேல் சற்று நேரம் நின்றன. பிறகு சட்டைப்பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து உபால்தினாவிடம் நீட்டினார்.

"சாப்பாட்டுக்கு நேரமாச்சு" என்றார். மன்னிப்புக் கேட்கத் தெரியாதவர்கள் மன்னிப்புக் கேட்கும் விதம் அது. உபால்தினாவுக்கு அந்த மொழி தெரியும். துணிப்பையை உள்ளே கொண்டு போனாள்.

அடுத்த விருந்தில் வங்கித் தலைவர்கள் யாரும் நண்டு நடை நடக்கவில்லை என்று கேள்வி. படத்தின் முன்னால் கால்விரல் நுனியில் நின்று, குரலைத் தாழ்த்தி, "உஷ், எப்படித் தூங்குது பாருங்க" என்றார்களாம். அதிலும் ஒருவர் கொட்டாவி விட்டுக் காட்டினாராம்.

படியிறங்கும்போது நெரெய்தா கேட்டாள். "தலைவரே, இன்னிக்கு யாராவது பொய் சொன்னாங்களா?"

அன்செல்மோ யோசித்தார். "விமரிசகரைக் கணக்குல சேர்க்கணுமா?"

"வேண்டாம்."

"அப்ப யாரும் சொல்லல."

* * *

ஞாயிற்றுக்கிழமை, தோன் ரிகொபெர்த்தோ வீட்டில் எல்லாரும் தேவாலயப் பூசைக்குப் போயிருந்த நேரம். நெரெய்தாவிடம்கூடச் சொல்லாமல் அன்செல்மோ மலைப்பாதையில் ஏறி வந்தார். தோட்டத்துப் பக்கமாகச் சமையலறையின் பின்வாசலுக்குப் போனார். ஆணி காலியாக இருந்தது.

கையோடு கொண்டு வந்திருந்த கறுப்புக் குடையை ஒரு முறை விரித்துப் பார்த்தார். கம்பிகள் எல்லாம் ஒரே மாதிரி எழுந்து நின்றன. ஒடிந்திருந்த கம்பிக்குப் பதிலாகப் போட்ட புதுசு மட்டும் கொஞ்சம் பளபளத்தது. அந்தப் பக்கம் இனி யாரை வேண்டுமானாலும் நிறுத்தலாம். கிழிந்திருந்த ஓரத்தையும் தைக்கச் சொல்லியிருந்தார். அதே கறுப்பு நூலில் தைத்திருந்ததால் தையல் தெரியவில்லை.

குடையை மடக்கி, நாடாவைச் சுற்றி, ஆணியில் மாட்டினார். சீட்டு எதுவும் வைக்கவில்லை. சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, செடிகளை மிதிக்காமல் வந்த வழியே வெளியேறினார்.

ஆவிலாவின் மேல் மேகம் திரண்டிருந்தது. பாதி வழி இறங்குவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அன்செல்மோ சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, இருமியபடி, அவசரமில்லாமல் நனைந்துகொண்டு போனார்.